ஸ்பேனர் பிடித்த கையால் வானம் தொட்டவர்



ஆண்டு மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று பேரவைச் செயலாளர் கேட்டபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. ரெக்கார்டு நோட்டைத் தவிர நான் எதையும் எழுதியவள் இல்லை. எங்கள் வீட்டில் எழுதத் தெரிந்த ஒரே ஆள் நான்தான். அப்பா லாரி ஷெட்டில் மூட்டை ஏற்றுகிறார். ரேஷன் கார்டில் இருந்து பேங்க் வரைக்கும் கைநாட்டுத்தான். அம்மா வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட்டும் சட்டையும் தைக்கிறார். அளவு குறித்துக்கொள்ள எண் மட்டும் தெரியும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்து மெக்கானிக்கல் படிக்கிற நான், பல ஆண்டுகளுக்கு முன் மறைந்துபோன ஒரு வெள்ளைக்காரப் பெண்மணியைப் பற்றி எழுதப் போகிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா? சொல்கிறேன்.

முதல் வருட ஃபிட்டிங் பிராக்டிக்கல் நினைவிருக்கிறதா? வீ ஜாயிண்ட். அரத்தால் ராவி ராவி உள்ளங்கை கொப்பளித்துப் போனது. எக்ஸ்டர்னல் வந்தார். என் இரண்டு துண்டையும் சேர்த்து டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்தார். இடுக்கில் கோடு மாதிரி வெளிச்சம் தெரிந்தது. ஒன்றும் பேசவில்லை, மார்க்கைப் போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றைக்கு எப்படியோ தப்பித்தேன். ஆனால் மூன்றாம் செமஸ்டரில் ஸ்ட்ரென்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் என்னைப் பிடித்துக்கொண்டது. அரியர். மறுபடி எழுதினேன். மறுபடியும் அரியர். பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு மெக்கானிக்கல், டைப்பிங் கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்குப் போகலாமே என்று சொந்தக்காரர்கள் சொன்னதெல்லாம் அப்போது சரிதானோ என்று தோன்றியது.

அந்தச் சமயத்தில்தான் நூலகத்தில் ஒரு பழைய புத்தகத்தில் அந்தப் படத்தைப் பார்த்தேன். ஓவரால் போட்ட ஒரு பெண் விமான எஞ்சினுக்குள் கையை விட்டுக்கொண்டு நிற்கிறார். கேமராவைப் பார்த்துச் சிரிக்கிற சினிமாப் படம் இல்லை. வேலையில் கண்ணாக இருக்கிற முகம். கீழே பெயர் இருந்தது: ஏமி ஜான்சன். அதற்கப்புறம் கிடைத்ததையெல்லாம் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்லாவிட்டால் மனசு ஆறாது.

மீன் வியாபாரியின் மகள்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் ஹல் என்று ஒரு துறைமுக நகரம். மீன்பிடித் தொழிலுக்குப் பேர் போன ஊர். அங்கே 1903 ஜூலை 1 அன்று ஏமி பிறந்தார். அப்பா மீன் மொத்த வியாபாரம் செய்தவர். நான்கு பெண் பிள்ளைகளில் ஏமிதான் மூத்தவர். நம்மைப் போலக் கஷ்டப்பட்ட குடும்பம் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரியவர்கள் வாழ்க்கையை எழுதும்போது ஏழ்மையைக் கொஞ்சம் சேர்த்துப் போடுகிற பழக்கம் நம்மிடம் உண்டு. இங்கே அது தேவையில்லை.

ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் 1925-ல் பொருளாதாரப் பட்டம் பெற்றார். அந்தக் காலத்தில் ஒரு பெண் பட்டம் வாங்குவதே பெரிய விஷயம். ஆனால் பட்டம் வாங்கி என்ன கிடைத்தது? டைப்பிஸ்ட் வேலை! முதலில் ஹல் நகரில். பிறகு லண்டனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில். என் சொந்தக்காரர்கள் எனக்கு எந்த வேலையைச் சொன்னார்களோ, அதே வேலையிலிருந்துதான் ஏமி புறப்பட்டார் என்பதைப் படித்தபோது கொஞ்சம் வேடிக்கையாகவும் இருந்தது, கொஞ்சம் தெம்பாகவும் இருந்தது.

1926-ல் ஊருக்கு வந்த ஒரு விமானத்தில் தங்கையோடு காசு கொடுத்துச் சின்னதாக ஒரு சுற்று சுற்றி வந்திருந்தார். லண்டன் வந்தபிறகு ஒருநாள் பஸ் ஏறி நகரத்தின் வடக்கே ஸ்டேக் லேன் என்ற விமானத் திடலுக்குப் போனார். டி ஹாவிலாண்டு கம்பெனியின் திடல் அது. லண்டன் விமானச் சங்கமும் அங்கேதான் இருந்தது. சாதாரண ஜனங்களும் பறக்கக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கமே 1925 முதல் இப்படிப்பட்ட சங்கங்களுக்குப் பண உதவி செய்து வந்தது.

மாத் என்றொரு பயிற்சி விமானம்

நாம் டெக்னிக்கல் ஆட்கள். ஆகையால் அந்த விமானத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

டி ஹாவிலாண்டு டி.ஹெச்.60 மாத். ஜெஃப்ரி டி ஹாவிலாண்டு வடிவமைத்து, 1925 பிப்ரவரி 22 அன்று ஸ்டேக் லேனில் அவரே முதன்முதலாக ஓட்டிப் பார்த்தார். மேலே ஒன்று, கீழே ஒன்று என இரட்டை இறக்கை. உடம்பு மரச்சட்டமும் பிளைவுட்டும். இறக்கை மரச்சட்டத்தின் மேல் துணி. ஆமாம், துணிதான்! துணியைச் சட்டத்தின் மேல் இழுத்துத் தைத்து, அதன்மேல் டோப் என்ற திரவத்தைப் பூசுவார்கள். காயக் காயத் துணி சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைத்துக்கொள்ளும், தண்ணீரும் இறங்காது. இறக்கைகளைப் பின்பக்கமாக மடித்துவிட்டால் ஒரு சின்னக் கொட்டகைக்குள் நிறுத்திவிடலாம். முதலில் வந்த மாத்துக்கு 60 குதிரைத்திறன் எஞ்சின். 1928-ல் வந்த ஜிப்ஸி மாத்துக்கு ஏறத்தாழ 100 குதிரைத்திறன். நான்கு சிலிண்டர், ஒரே வரிசை, காற்றால் குளிரும் எஞ்சின். நம் ஐ.சி. எஞ்சின்ஸ் லேபில் நிற்கிற எஞ்சினைப் புரிந்துகொண்டவனுக்கு அதுவும் புரியும்.

முன்னும் பின்னுமாக இரண்டு குழி. மேலே கூரை கிடையாது. ஒன்றில் ஆசிரியர், இன்னொன்றில் மாணவர். இரண்டிலும் கண்ட்ரோல் உண்டு. மாணவர் தப்புச் செய்தால் ஆசிரியர் தன் பக்கத்திலிருந்து சரி செய்யலாம். எஞ்சின் இரைச்சலில் பேச்சுக் கேட்காது என்பதால் ஒரு ரப்பர்க் குழாய். ஆசிரியர் அதில் பேசினால் மாணவரின் தலைக்கவசத்தில் காதருகே வந்து கேட்கும்.

1928 செப்டம்பரில் ஏமியின் முதல் வகுப்பு. கொடுத்த தலைக்கவசம் அவருக்குப் பெரிது. காதோடு ஒட்டவில்லை. ஆசிரியர் சொல்வது ஒன்றும் சரியாக விழவில்லை. சொன்னதை ஏன் செய்யவில்லை என்று ஆசிரியருக்குக் கோபம். இறங்கியதும், உனக்கு இது வராது என்கிற மாதிரி சொல்லி அனுப்பிவிட்டார். யோசித்துப் பாருங்கள். காதில் விழாததற்குத் திறமை இல்லை என்று பேர்! கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, போர்டும் தெரியாமல் இங்கிலீஷும் புரியாமல் முழித்த முதல் செமஸ்டர் எனக்கு ஞாபகம் வந்தது. புரியாததற்கும் வராததற்கும் வித்தியாசம் உண்டு என்பதை எனக்கு அந்தத் தலைக்கவசம்தான் சொல்லிக் கொடுத்தது.

ஏமி விடவில்லை. சம்பளத்தில் மிச்சம் பிடித்து மறுபடி மறுபடி வகுப்புக்குப் போனார். மழை, மூடுபனி, ஆள் அதிகம், விமானம் குறைவு என்று தள்ளிக்கொண்டே போனது. பிறகு மேஜர் ஹெர்பர்ட் டிராவர்ஸ் என்ற ஆசிரியர் வந்தார். அவரிடம் ஏமிக்குப் பிடி கிடைத்தது. 1929 ஜூன் 9 அன்று முதன்முறையாகத் தனியாகப் பறந்தார். அதற்கு முன் அவர் ஆசிரியரோடு பறந்த நேரம் 15 மணி 45 நிமிடம். அந்தக் காலத்தில் பத்து மணி நேரத்தை ஒட்டியே பலர் தனியாகப் பறந்துவிடுவார்கள். அதாவது, உலகப் புகழ் பெறப்போகிற இந்த விமானி வகுப்பில் மெதுவான மாணவி! நம் பாஷையில் சொன்னால் ஒரு அரியரோடு பாஸ் பண்ணியவர்.

தரையில் நின்ற தேர்வாளர்கள்

அந்த நாளில் விமானி லைசென்ஸ் தேர்வு எப்படி நடந்தது தெரியுமா? எக்ஸ்டர்னல் விமானத்துக்குள் ஏற மாட்டார். தேர்வு எழுதுகிறவர் தனியாகத்தான் மேலே போகணும். தேர்வாளர்கள் கீழே புல்தரையில் நின்று அண்ணாந்து பார்த்துக் கொண்டிருப்பார்கள். 500 மீட்டர் இடைவெளியில் இரண்டு கம்பங்களைக் குறித்துக்கொண்டு, அவற்றைச் சுற்றி எட்டுப் போடணும். நம் ஊர் ஆர்.டி.ஓ. ஆபீசில் டூ வீலருக்குப் போடுகிற அதே எட்டுத்தான், ஆகாயத்தில்! ஒன்று இல்லை, ஐந்து எட்டு. அப்புறம் உயரே ஏறி, எஞ்சினை அடக்கிவிட்டு, சும்மா சறுக்கிக்கொண்டே வந்து, முன்பே குறித்து வைத்த இடத்துக்குப் பக்கத்தில் இறங்கி நிற்கணும். எஞ்சினை மறுபடி கூட்டினால் போச்சு.

இந்தத் தேர்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. ஏனென்றால் அதில் கேள்வித்தாள் அவுட் ஆகாது. பக்கத்து ஆளைப் பார்த்து எழுத முடியாது. தேர்வாளருக்கு உன்னைப் பிடிக்குமா, உன் அப்பா யார் என்பதற்கெல்லாம் அங்கே வேலை இல்லை. குறித்த இடத்தில் இறங்கினாயா, இல்லையா? டியூப் லைட்டுக்கு எதிரே தூக்கிப் பிடித்த என் வீ ஜாயிண்டும் அப்படிப்பட்ட தேர்வுதான் என்று பிறகுதான் உறைத்தது. அந்த எக்ஸ்டர்னல் மேல் இருந்த கோபம் அன்றோடு போய்விட்டது.

1929 ஜூலையில் ஏமி லைசென்ஸ் வாங்கினார். அதோடு நிற்கவில்லை. என்னைக் கவர்ந்தது இனிமேல்தான்.

பறக்கத் தெரிந்தால் போதுமா? நடுவழியில் எஞ்சின் நின்றால் யாரைக் கூப்பிடுவது? ஏமி விமானக் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே தலைமை எஞ்சினியர் ஜாக் ஹம்ஃபிரீஸ். வேலை முடியாத நேரமெல்லாம், ஆபீசுக்கு முன்னும் பின்னும், ஏமி அவரிடம் உதவியாளர் மாதிரி நின்று வேலை கற்றார். பிளக் கழற்றிச் சுத்தம் செய்தார், மேக்னெட்டோ பார்த்தார், டேப்பெட் இடைவெளி சரிசெய்தார், தரை கூட்டினார். ஆண்கள் மட்டுமே இருந்த கொட்டகை. அவர்கள் இவரை ஜானி என்று ஆண் பிள்ளைப் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள். 1929 முடிவதற்குள், விமான அமைச்சகம் தருகிற தரை எஞ்சினியர் சி லைசென்சை வாங்கிவிட்டார். பறப்பதற்கு முன் எஞ்சினைச் சோதித்து, இது ஓடத் தகுதியானது என்று கையெழுத்துப் போடும் உரிமை அது. பிரிட்டனில் அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

கையெழுத்து! எங்கள் வீட்டில் அந்தச் சொல்லுக்கு என்ன மதிப்பு என்று உங்களில் சிலருக்குப் புரியும்.

இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு

பிறகு ஏமிக்கு ஒரு ஆசை வந்தது. தனியாக ஆஸ்திரேலியா வரை பறக்கணும். 1928-ல் பெர்ட் ஹிங்க்லர் என்பவர் பதினைந்தரை நாளில் அதைச் செய்திருந்தார். ஒரு பெண் தனியாகச் செய்ததில்லை. ஏமி அதுவரை பறந்த மொத்த நேரம் நூறு மணி கூடக் கிடையாது. அதிகபட்சம் போன தூரம் லண்டனிலிருந்து சொந்த ஊர் வரை.

பணம்? பல இடங்களில் கேட்டார், கிடைக்கவில்லை. கடைசியில் விமானப் போக்குவரத்து இயக்குநர் சர் செஃப்டன் பிராங்கர் சிபாரிசு செய்ய, காஸ்ட்ரால் எண்ணெய்க் கம்பெனி அதிபர் லார்டு வேக்ஃபீல்டு பாதிப் பணம் கொடுத்தார். மீதிப் பாதி அப்பா கொடுத்தார். 600 பவுண்டுக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் ஜிப்ஸி மாத் வாங்கினார்கள். அப்பாவின் மீன் வியாபார முத்திரையின் பெயரையே விமானத்துக்கும் வைத்தார்: ஜேசன். பச்சை வண்ணம், வெள்ளி எழுத்து. உதிரி புரொப்பெல்லர் ஒன்றை விமானத்தின் வெளிப்பக்கத்தில் கட்டிக்கொண்டார்.

விடாமுயற்சி இருந்தால் போதும், எல்லாம் வந்துவிடும் என்று மேடையில் பேசுவார்கள். இந்த இடத்தில் எனக்கு அப்படி எழுத மனம் வரவில்லை. ஏமிக்கு விடாமுயற்சியும் இருந்தது, கொடுக்க அப்பாவும் இருந்தார், வேக்ஃபீல்டும் இருந்தார். நமக்கு ஸ்காலர்ஷிப்பும் பஸ் பாஸும் இருக்கிறது. இருப்பதை இருப்பது என்றும் இல்லாததை இல்லாதது என்றும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகணும்.

1930 மே 5 அன்று லண்டன் அருகே கிராய்டனிலிருந்து புறப்பட்டார். வியன்னா, கான்ஸ்டான்டிநோபிள், அலெப்போ. நடுவில் டாரஸ் மலைத்தொடரில் மேகத்துக்குள் மாட்டிக்கொண்டு, பாறை தெரியாமல் குறுகிய கணவாய் வழியே தப்பினார். பாக்தாத் போகும் வழியில் மணற்புயல். பாலைவனத்தில் இறங்கி, விமானம் உருண்டுவிடாமல் பெட்டிகளைச் சக்கரத்துக்கு அண்டைக் கொடுத்துவிட்டு, கையில் ரிவால்வரோடு வால் பக்கத்தில் உட்கார்ந்து புயல் ஓயும்வரை காத்திருந்தார். ஒவ்வொரு இரவும், தூங்குவதற்கு முன் எஞ்சினைத் தானே பார்த்துச் சரிசெய்தார். மே 10 அன்று கராச்சி. ஆறே நாள்! ஹிங்க்லரைவிட இரண்டு நாள் முன்னால். அதுவரை திரும்பிப் பார்க்காத பத்திரிகைகள் எல்லாம் அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்தன.

நம் நாட்டுக்குள்ளும் அவர் வந்தார். பெட்ரோல் தீர்ந்துபோக ஜான்சியில் ராணுவ அணிவகுப்பு மைதானத்தில் இறங்கினார். வேகம் அடங்காமல் ஓடிப்போய்க் கட்டிடத்தில் இடித்து இறக்கை சேதம். உள்ளூர் ஆட்களே சரிசெய்து அனுப்பினார்கள். அலகாபாத் வழியாகக் கல்கத்தா. அடுத்தது ரங்கூன்.

இன்செயின் மாணவர்கள்

தோழர்களே, இந்தக் கட்டுரையை நான் எழுதுவதே இந்த ஒரு இடத்துக்காகத்தான்.

மே 13. பர்மாவில் மழை கொட்டுகிறது. ரங்கூன் குதிரைப் பந்தய மைதானத்தில் இறங்கணும். மழையில் எது மைதானம் என்று தெரியவில்லை. கீழே ஒரு திறந்த வெளி தெரிந்தது. இறங்கிவிட்டார். அது பந்தய மைதானம் இல்லை. ரங்கூனுக்கு வடக்கே இன்செயினில் இருந்த அரசாங்கத் தொழில்நுட்பக் கல்விக்கூடத்தின் விளையாட்டு மைதானம்! சின்ன இடம். நிற்காமல் ஓடி ஒரு பள்ளத்தில் மூக்குக் குப்புற விழுந்தது ஜேசன். புரொப்பெல்லர் உடைந்தது. சக்கரச் சட்டம் போனது. இறக்கை கிழிந்தது. ஏமி அழுதுவிட்டாராம். அழாமல் என்ன செய்வார்? ஹிங்க்லரை முந்தும் வாய்ப்பு அந்தப் பள்ளத்தில் விழுந்துவிட்டது.

ஆனால் எங்கே விழுந்தார் பாருங்கள்! உலகத்தில் எத்தனையோ மைதானம் இருக்க, நம்மைப் போன்ற டெக்னிக்கல் மாணவர்களின் மைதானத்தில் விழுந்தார். ஆசிரியர்களும் மாணவர்களும் ஓடி வந்தார்கள். உடைந்த பாகங்களை ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டு போனார்கள். உதிரி புரொப்பெல்லரை மாட்டினார்கள். உடைந்த உலோகப் பாகங்களை அங்கேயே செய்தார்கள். இறக்கைக்குத் துணி? முதல் உலகப் போரில் மிஞ்சிய விமானத் துணியை யாரோ வாங்கிச் சட்டையாகத் தைத்துப் போட்டிருந்தார்கள். அந்தச் சட்டைகள் மறுபடி இறக்கை ஆயின! டோப்பும் உள்ளூரிலேயே கலந்து தயாரானது. ராத்திரி பகல் பார்க்காமல் வேலை நடந்தது. மே 16 அன்று ஜேசன் ரங்கூனிலிருந்து மறுபடி கிளம்பியது.

நம் ஊர்த் தாத்தாக்கள் பலர் பிழைப்புக்குக் கப்பலேறிப் போன அதே ரங்கூன். அன்று அது பிரிட்டிஷ் இந்தியாவோடு சேர்ந்து இருந்தது. அந்த மாணவர்களுக்கும் நம்மைப் போல வயது பதினெட்டு, பத்தொன்பது இருந்திருக்கும். அவர்களுக்கும் அரியர் இருந்திருக்கும். ஆனால் அன்றைக்குக் கேள்வித்தாள் வானத்திலிருந்து விழுந்தது, மூன்று நாள் நேரம், எல்லோரும் சேர்ந்து எழுதினார்கள். அவர்கள் அடித்த ஆணியும் முறுக்கிய நட்டும் தாங்கினதா என்று தைமோர் கடல்தான் சோதித்துப் பார்த்தது. அந்த எக்ஸ்டர்னலுக்கு முன்னால் வேலை நின்றது. ஏமியின் பெயர் உலகத்துக்கே தெரியும். அவர்கள் பெயரை யாரும் கேட்கவில்லை. நம்மில் பெரும்பாலோர் நாளைக்கு ஏமி ஆகப் போவதில்லை. இன்செயின் மாணவர்கள் ஆகப் போகிறோம். அதில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

அம்மாவிடம் இந்தக் கதையைச் சொன்னேன். சட்டைத் துணியில் இறக்கையா என்று மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். தையல் எப்படிப் போட்டார்கள், நூல் மழையில் விடாதா, எத்தனை இழை என்று வரிசையாகக் கேள்வி. எங்கள் ஹெச்.ஓ.டி.கூட அவ்வளவு கேட்டிருக்க மாட்டார். டோப் பற்றி விளக்கினேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தன் கையில் இருந்த துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

சிங்கப்பூர், ஜாவா, தைமோர் என்று போய், கடைசியில் ஏறத்தாழ 800 கிலோமீட்டர் கடலைத் தனியாகக் கடந்து, 1930 மே 24 அன்று ஏமி டார்வினில் இறங்கினார். மொத்தம் சுமார் 17,700 கிலோமீட்டர். பத்தொன்பதரை நாள். ஹிங்க்லரின் சாதனையை முறியடிக்கவில்லை. ஆனால் தனியாக இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியா போன முதல் பெண் என்பதை யாரும் மாற்ற முடியாது. ஐந்தாம் நாளே பிரிஸ்பேனில் இறங்கும்போது ஜேசன் மறுபடி குப்புறக் கவிழ்ந்தது என்பதையும் சொல்லிவிடணும். ஏமிக்கு இறங்குவது எப்போதுமே கொஞ்சம் தகராறுதான்! இன்று அந்த ஜேசன் லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் தொங்குகிறது.

புகழும் அதன் பாரமும்

ஊர் திரும்பியபோது லட்சக்கணக்கானோர் தெருவில் நின்றார்கள். அரசர் விருது. டெய்லி மெயில் பத்திரிகை 10,000 பவுண்டு கொடுத்தது. ஊர் ஊராகக் கூட்டிப் போய்க் காட்ட ஏற்பாடு செய்தார்கள். பாலைவனத்தில் உடையாத ஏமி அந்தக் கூட்டத்தில் உடைந்து போனார். உடல் நலம் கெட்டு, பயணம் பாதியில் நின்றது.

பிறகும் பறந்தார். 1931-ல் தன் குரு ஜாக் ஹம்ஃபிரீஸையே கூட்டிக்கொண்டு ஒரே நாளில் மாஸ்கோவை அடைந்து, அங்கிருந்து டோக்கியோ வரை போனார். புகழ் வந்தபிறகும் கொட்டகையில் வேலை சொல்லிக் கொடுத்தவரை மறக்கவில்லை. 1932-ல் ஜிம் மாலிசன் என்ற விமானியை மணந்தார். அதே ஆண்டு கேப் டவுனுக்குத் தனியாகப் பறந்து கணவர் செய்த சாதனையையே முறியடித்தார். 1933-ல் இருவரும் அட்லாண்டிக்கைக் கடந்து, அமெரிக்காவில் விழுந்து காயத்தோடு தப்பினார்கள். 1934 ஆஸ்திரேலியப் பந்தயத்தில் கராச்சி வரை முன்னணி. பிறகு வழிதவறி ஜபல்பூரில் இறங்கி, கிடைத்த சாதாரணப் பெட்ரோலை ஊற்றினார்கள். அதிகக் கம்ப்ரெஷன் எஞ்சின் அதைத் தாங்குமா? அலகாபாத்தோடு பந்தயம் முடிந்தது. ஐ.சி. எஞ்சின்ஸ் பேப்பரில் டிட்டோனேஷன் கேள்வி வந்தால் இந்த உதாரணத்தை எழுதுங்கள்! 1938-ல் மண வாழ்க்கை முறிந்தது. இடையில் பெண் எஞ்சினியர்கள் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். அவர் மற்ற எல்லாப் பட்டத்தையும்விட எனக்கு இதுதான் பெரிதாகப் படுகிறது.

கடைசிப் பயணம்

இரண்டாம் உலகப் போர் வந்தது. தொழிற்சாலையிலிருந்து விமானங்களை விமானப் படைத் தளங்களுக்குக் கொண்டு சேர்க்க ஏ.டி.ஏ. என்ற அமைப்பு இருந்தது. 1940 ஜனவரியில் எட்டுப் பெண்களோடு அதன் பெண்கள் பிரிவு தொடங்கியது. பெண்கள் தானே என்று முதலில் டைகர் மாத் என்ற பயிற்சி விமானங்களை மட்டும் கொடுத்தார்கள். ஆண்களைவிடச் சம்பளமும் குறைவு. 1943-ல்தான் சம சம்பளம் வந்தது. உலகப் புகழ் பெற்ற ஏமி 1940 மே மாதம் அதில் சேர்ந்து, எல்லோரோடும் ஒருவராக வேலை பார்த்தார்.

1941 ஜனவரி 5. ஏமிக்கு வயது 37. அன்று அவர் ஓட்டியதும் ஒரு பயிற்சி விமானம்தான்: ஏர்ஸ்பீடு ஆக்ஸ்ஃபோர்டு. இரட்டை எஞ்சின். குண்டு வீச்சு விமானிகள் கற்றுக்கொள்ள 8,500-க்கும் மேல் செய்யப்பட்ட வகை. பிளாக்பூலிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு அருகே கிட்லிங்டனுக்குப் பயணம். மோசமான வானிலை. ரேடியோ கிடையாது. பல மணி நேரம் கழித்து, போக வேண்டிய இடத்துக்கு வெகு தொலைவில், தேம்ஸ் ஆறு கடலோடு சேரும் இடத்தில் பாராசூட்டில் குதித்தார். ஹேசில்மியர் என்ற கப்பல் நெருங்கியது. கப்பல் தலைவர் வால்டர் ஃபிளெட்சர் உறைய வைக்கும் தண்ணீரில் தானே குதித்தார். காப்பாற்ற முடியவில்லை. அவரும் உயிரிழந்தார். ஏமியின் உடல் கிடைக்கவே இல்லை. ஏன் வழி தவறினார், என்ன நடந்தது என்பதில் இன்றுவரை ஒரே கருத்து இல்லை.

பயிற்சி விமானத்தில் தொடங்கிய வாழ்க்கை, யாரோ முகம் தெரியாத மாணவன் பயில வேண்டிய விமானத்தைக் கொண்டுபோகும் வழியில் முடிந்தது. இதற்கு நீதி என்று ஒன்றை ஒட்டவைக்க எனக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வேலையைச் சின்ன வேலை என்று அவர் நினைக்கவில்லை என்பதுதான்.

கடைசியாக ஒன்று

இந்த மலர் உங்கள் கையில் இருக்கும்போது என் மூன்றாவது முயற்சியின் ரிசல்ட் வந்திருக்கும். பாஸா, பெயிலா என்று இதை எழுதும் இன்றைக்குத் தெரியாது.

இதை எழுதும்போது ஒரு விஷயம் குத்திக்கொண்டே இருக்கிறது. அரியர் இருக்கிறது என்று அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. ஒவ்வொரு ரிசல்ட்டுக்கும் பாஸா கண்ணு என்று கேட்பார். ம் என்று தலையாட்டிவிடுவேன். மார்க் ஷீட்டை வாங்கித் தலைகீழாகப் பிடித்துப் பார்த்துவிட்டு, பத்திரமாக டிரங்குப் பெட்டியில் வைப்பார். அவருக்குப் படிக்கத் தெரியாது என்பதை நான் வசதியாக எடுத்துக்கொண்டேன். எஞ்சினைப் பார்க்காமலே சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போடுகிற மாதிரிதானே அது? சி லைசென்ஸ் வாங்கிய ஏமி அப்படி ஒருநாளும் போட்டிருக்க மாட்டார்.

ஆகவே தோழர்களே, மலர் வந்த அன்று ராத்திரி, அப்பா ஷெட்டிலிருந்து வந்து குளித்துச் சாப்பிட்டதும், அம்மா மெஷினை மூடியதும், இந்தக் கட்டுரையை அவர்கள் இரண்டு பேருக்கும் நான் சத்தமாகப் படித்துக் காட்டப் போகிறேன். இன்செயின் சட்டைத் துணிப் பகுதியை அம்மாவுக்காக இரண்டு தடவை படிப்பேன். இந்தக் கடைசிப் பகுதியையும் விடாமல் படிப்பேன்.

ஐந்து எட்டும் போட்டாயிற்று. இனி எஞ்சினை அடக்கி, குறித்த இடத்தில் இறங்கணும். உங்கள் வாழ்த்து வேண்டும்.



மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை மாணவி